விளக்கு எரிகிற வீடு

தூத்துக்குடிக்கு வெளியே, உப்பளங்கள் முடிந்து உடைமரங்கள் தொடங்குகிற இடத்தில் ஸ்டெல்லா நகர் என்று ஒரு நகர் இருக்கிறது. நகர் என்பது பெயர்ப்பலகையின் கருத்து. மற்றபடி அங்கே இருப்பவை கல் நட்ட மனைகள், அவற்றில் மேய்கிற ஆடுகள், ஒரே மேஸ்திரி ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு கட்டிய ஒன்றுபோலவே இருக்கும் சில வீடுகள், அவ்வளவுதான். தெருவிளக்கு கிடையாது. கதவெண்ணும் இன்னும் வரவில்லை. அந்த வீடுகளில் ஒன்றில் கஸ்பார் குடும்பம் குடியிருந்தது.

அந்தக் குடும்பத்தைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னதைச் செய்வார்கள். சொன்னபடியே செய்வார்கள். அதற்கு மேல் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார்கள்.

பெரியவர் கஸ்பார் துறைமுக ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்கள் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, கல்யாணப் பந்தியில்கூடக் கை கழுவாமல் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார். அவர் மனைவி செபஸ்தியம்மாள், பிறர் குறை கண்ணில் பட்டால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று கோயிலில் சாமியார் பிரசங்கம் வைத்ததைக் கேட்டு, மருமகள் சமைக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே அடுக்களைக்குள் வந்து நிலையில் இடித்துக்கொள்வாள். இளைய மகன் டெல்வின் இன்ஜினியரிங் முடித்தவன். ஒவ்வொரு பரீட்சையையும் பல தடவை எழுதி முடித்தவன் என்பதால், சாதாரண இன்ஜினியர்களைவிட அதிகமாகவே படித்தவன்.

இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் ஜெசிந்தா. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் படித்தவள். "எதையும் ரெண்டு தடவை வாசி, கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது" என்று அங்கே பெர்னதெத் சிஸ்டர் சொல்லிக் கொடுத்ததை அவள் இன்றுவரை மீறியதில்லை. குடும்பத்தில் தானே புத்திசாலி என்று அவளுக்கு ஒரு எண்ணம் உண்டு. மற்ற மூன்று பேருக்கும் அவரவரைப் பற்றி அதே எண்ணம் இருந்ததால் வீட்டில் சண்டை வந்ததில்லை.

ஜெசிந்தாவுக்கு இருட்டென்றால் பயம். இருட்டில் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போவதென்றால், ஏழு மாதப் பாப்பாவைத் துணைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். திருடன் வந்தால் பாப்பா என்ன செய்யும் என்று அவளே யோசித்துப் பார்த்திருக்கிறாள். பாப்பா அழும். அழுதால் மாமி முழிப்பாள். முழித்ததும் மருமகள் சமைப்பதாக நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வந்து நிலையில் இடிப்பாள். அந்தச் சத்தத்தில் திருடன் ஓடிவிடுவான். யோசிக்க யோசிக்க அது நல்ல ஏற்பாடாகவே அவளுக்குப் பட்டது.

அவள் புருஷன் ரேமண்ட் கப்பலில் வேலை. அவன் கடலுக்குப் போன பிறகுதான் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். பாப்பாவும் அதன் பிறகுதான் பிறந்தது. அதனால் அவன் வீட்டையும் பார்த்ததில்லை, பாப்பாவையும் நேரில் பார்த்ததில்லை. இரண்டையும் பார்க்க அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வருவதாக இருந்தான்.

"எல்லா வீடும் ஒண்ணு போல இருக்குன்னு சொல்லுதியே, நான் எப்படிக் கண்டுபிடிக்க?" என்று போனில் கேட்டான்.

"நம்ம முத்தத்துல கேட் பக்கத்துல ஒரு விளக்குக் கம்பம் இருக்கு. இங்க வேற எந்த வீட்லயும் கிடையாது. விளக்கு எரியிற வீடு நம்ம வீடு. எரியலன்னா அது வேற வீடு. மாறிப் போயிராதீய" என்றாள் ஜெசிந்தா.

"விளக்கு எரிஞ்சா நம்ம வீடு. எரியலன்னா வேற வீடு" என்று ரேமண்ட் திருப்பிச் சொன்னான். அவனும் கஸ்பார் பெற்ற பிள்ளைதானே. மனசில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது.

அந்த வாரம் மழை பெய்து விளக்கு எரியாமல் போனது.

அந்தக் கம்பத்துக்கு சுவிட்ச் கிடையாது. இந்த வீட்டார் சுவிட்ச் போட மறப்பார்கள் என்று முன்பே யோசித்து, ரேமண்ட் சொல்லித்தான் அதில் ஒரு சென்சார் வைத்திருந்தார்கள். கைப்பிடிக்குள் அடங்குகிற ஒரு பொருள். அதற்குக் கண்ணாடிபோல் ஒரு கண். கண்ணில் வெளிச்சம் பட்டால் விளக்கை அணைத்துவிடும். இருட்டானால் விளக்கை எரியவைக்கும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த விதத்தில் அதுவும் குடும்பத்தில் ஒருவர் போலத்தான். அதற்குள் இப்போது மழைத்தண்ணீர் போய்விட்டது.

செய்தி கேட்டதும் ரேமண்ட் கப்பலிலிருந்து குரல் பதிவு ஒன்று அனுப்பினான். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் முற்றத்தில் கூடி நின்று கேட்டார்கள்.

"பழசக் கழத்திட்டுப் புதுசு மாட்டணும், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல ஒண்ணொண்ணா செய்யுங்க. மொதல்ல, வீட்ல கரண்ட் ஓடுற எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க."

ஜெசிந்தா அங்கேயே பதிவை நிறுத்தினாள். ஒன்றொன்றாகச் செய்யச் சொல்லியிருக்கிறானே. டெல்வின் போய் மெயினை அணைத்தான். பிறகு சுற்றிப் பார்த்து, "மதனி, செவுத்துக் கடிகாரத்துல பேட்டரி இருக்கு. அதுவும் கரண்ட்தான்" என்றான். பேட்டரியைக் கழற்றினார்கள். டார்ச்சிலிருந்தும் கழற்றினார்கள். பாப்பாவின் கிலுகிலுப்பையில் ஒரு பாட்டுப் பாடும், அதிலிருந்தும் கழற்றினார்கள். கடைசியில் டெல்வின் ஜெசிந்தாவின் கையைப் பார்த்தான்.

"மதனி, போன்."

ஜெசிந்தா போனை அணைத்தாள். மற்றவர்களும் அணைத்தார்கள். பிறகு எல்லாரும் படியில் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று ரேமண்ட் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள்.

வெயில் படியைவிட்டு ஏறி அவர்கள் மடிக்கு வந்தது.

"பய பேசவே மாட்டேங்கான்" என்றார் கஸ்பார்.

"கப்பல்ல வேல இருக்கும்லா" என்றாள் செபஸ்தியம்மாள்.

"மணி என்ன ஆச்சு?"

எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி ஒன்றும் ஆகவில்லை. நேரம் போகாதபோது அவசரம் எதற்கு என்று அவர்கள் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தார்கள். பாப்பா பசியில் அழத் தொடங்கியபோதுதான், நேரம் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று ஜெசிந்தாவுக்குச் சந்தேகம் வந்தது.

"மாமா, போன ஒரு தடவ மட்டும் போட்டுப் பாப்பமா? அவிய பேசி முடிச்சிருந்தா அணைச்சிருவோம்."

அது மீறல்தான். ஆனாலும் தாய் மனசு. போட்டாள். பதிவின் மிச்சம் ஓடியது: ஏணி ஏறுகிறவன் ஜாக்கிரதையாக ஏறவேண்டும். கீழே ஒருத்தர் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எக்காரணத்தைக் கொண்டும் விடக்கூடாது. பழையதைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டி, அதே மாதிரி புதியது வாங்க வேண்டும். கடைசியில், "டெல்வின், நான் பாப்பாவ மொத மொதல்ல கையில வாங்கும்போது வீடியோ எடுக்கணும். நல்ல வெளிச்சத்துல எடுல. மறந்துராத."

டெல்வின் ஏறினான். கஸ்பார் ஏணியைப் பிடித்தார். டெல்வின் சென்சாரைக் கழற்றிக்கொண்டு இறங்கி, ஜெசிந்தாவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போகப் பைக்கை எடுத்தான். கஸ்பார் ஏணியை விடவில்லை.

பழைய சென்சாரைக் கையில் வாங்கிப் பார்த்த ஜெசிந்தாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரே சேறு, உள்ளே பல்லி முட்டை வேறு. கடைக்காரர் என்ன நினைப்பார், இந்த வீட்டில் பொம்பளையே இல்லையா என்று கேட்கமாட்டாரா. பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, பளபளவென்று ஆக்கி அனுப்பினாள். கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "புதுசுதான தம்பி, இத ஏன் மாத்துதீய?" என்றாராம். டெல்வினுக்குப் பெருமையாக இருந்தது.

வந்தவன் இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது எது பழசு, எது புதுசு என்று தெரியவில்லை. ஒன்று பளபளவென்று இருந்தது. இன்னொன்றின்மேல் கடைத் தூசி.

"இதுல என்ன யோசன" என்றாள் ஜெசிந்தா. "சுத்தமா இருக்கதுதான் புதுசு."

அதையே மாட்டி மெயினைப் போட்டார்கள். எரியவில்லை. தூசி படிந்ததை மாட்டிப் பார்ப்போம் என்று முடிவாக மதியம் தாண்டிவிட்டது. இதற்கிடையில் செபஸ்தியம்மாள் சோற்றைப் பிசைந்து எடுத்துவந்து, ஏணியைப் பிடித்தபடி நின்ற புருஷனுக்கு ஊட்டிவிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அவருக்குப் பெரிய சங்கடம் வந்தது. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். மகன் ஏணியை விடாதே என்கிறான். இரண்டு பேர் சொல்லையும் தட்டமுடியாமல், ஏணியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஏணியின் மேலே டெல்வின் இருந்தான். அவனும் ஜாக்கிரதையாகவே இருந்தான்.

சோற்றுக்கும் நடைக்கும் இடையில், ஜெசிந்தா அட்டைப்பெட்டியில் இருந்த தாளை வாசித்துச் சொல்ல, எப்படியோ தூசி படிந்த சென்சார் கம்பத்தில் ஏறியது. மறுபடி மெயினைப் போட்டார்கள். விளக்கு எரியவில்லை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா தாளின் மறுபக்கத்தை வாசித்தாள். "இருட்டானதும் தானாக எரியும்னு போட்டிருக்கு."

"அப்ப இப்ப ராத்திரின்னு அதுக்குச் சொல்லணும்" என்றார் கஸ்பார்.

"யாரு சொல்ல?"

"எல்லாரும் கண்ண மூடுவோம். இருட்டாயிரும்ல."

மூடினார்கள்.

"எரியுதா?"

"கண்ணத் தொறந்தால்லா தெரியும்."

"தொறந்தா வெளிச்சம் வந்துருமே."

இந்த இடத்தில்தான் ஜெசிந்தாவின் படிப்பு உதவியது. "மாமா, நாம கண்ண மூடுனா நமக்குத்தான் இருட்டு. அது கண்ண மூடணும்" என்றாள். செபஸ்தியம்மாள் உள்ளே போய், கோயிலுக்குக் கொண்டுபோகும் கறுப்புக் குடையை எடுத்துவந்தாள். டெல்வின் ஏணிமேல் நின்று சென்சார்மேல் குடையைக் கவிழ்த்து அணைத்துப் பிடித்தான். பட்டென்று விளக்கு எரிந்தது. பாப்பா கைகொட்டிச் சிரித்தது. கஸ்பாருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நாளைக்கு ரேமண்ட் வாறதுவரைக்கும் இப்படியே பிடிச்சிரு மக்கா" என்றார்.

டெல்வினும் சரி என்றான். கை வலித்துக் குடை கீழே விழுந்ததால்தான் அந்த ஏற்பாடு நின்றுபோனது.

சாயங்காலம் இருட்டியதும் விளக்கு தானாகவே எரிந்தது. எரிந்த வேகத்தில் அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது. டெல்வின் சென்சாரின் கண்ணை விளக்கைப் பார்த்தாற்போல் மாட்டியிருந்தான். விளக்கு எரிந்ததும் அந்த வெளிச்சத்தைக் கண்டு, பொழுது விடிந்துவிட்டது என்று சென்சார் விளக்கை அணைக்கும். அணைந்ததும் ராத்திரி ஆகிவிட்டது என்று எரியவைக்கும். இப்படி ஒரு ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் கஸ்பார் வீட்டுக்கு மட்டும் பல வாரங்கள் கடந்துவிட்டன.

"துறைமுகத்துல கலங்கரை விளக்கம் இப்படித்தான் எரியும்" என்றார் கஸ்பார். "கப்பல்காரனுக்குப் பழக்கம்தான. அப்படியே இருக்கட்டும்."

ஜெசிந்தா சம்மதிக்கவில்லை. "விளக்கு எரியிற வீடுன்னுதான் நான் சொல்லியிருக்கேன் மாமா. எரிஞ்சு எரிஞ்சு அணையிற வீடுன்னு சொல்லல. அவிய இறங்க மாட்டாவ."

அது உண்மைதான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ரேமண்ட் இறங்கமாட்டான். கடைசி வார்த்தைவரை சரியாக இருந்தால்தான் இறங்குவான். நல்லபடியாக வளர்த்த பிள்ளை.

"ஏல, நீ ஏன் விளக்கப் பாத்து மாட்டுன?" என்று செபஸ்தியம்மாள் சின்ன மகனைக் கேட்டாள்.

"மதனிதான வாசிச்சாவ, வெளிச்சம் வரும் திசையை நோக்கிப் பொருத்தவும்னு. விளக்குல இருந்துதான வெளிச்சம் வருது."

ஜெசிந்தா தாளை மறுபடி எடுத்தாள். அடுத்த வரியிலேயே, விளக்கின் சொந்த வெளிச்சம் சென்சார்மேல் படக்கூடாது என்று தெளிவாக இருந்தது. சிஸ்டர் சொன்னபடி முதல் வரியை இரண்டு தடவை வாசித்திருந்தாள். அதில் இரண்டு வரிக்கான நேரமும் போய்விட்டது.

அப்படியானால் வெளிச்சம் எந்தத் திசையில் வருகிறது என்று ஆலோசனை தொடங்கியது.

"கெழக்குலதான சூரியன் உதிக்கும்" என்றார் கஸ்பார்.

"சாயங்காலம் மேக்க வந்துருமேப்பா" என்றான் டெல்வின். "மேலும் இது ராத்திரி வேல பாக்குற சாமான். ராத்திரி சூரியனே கெடையாது."

"நிலா?"

"அமாவாசைக்கு என்ன செய்வீய?"

எல்லாரும் யோசித்தார்கள். விளக்கு அவர்களைச் சுற்றி எரிந்து அணைந்துகொண்டிருந்தது. அதனால் அவர்கள் விட்டுவிட்டு யோசிப்பதுபோல் இருந்தது.

"தெரு" என்றாள் ஜெசிந்தா மெதுவாக. "ராத்திரி இங்க வெளிச்சம்னு ஒண்ணு வந்தா அது தெருவுலதான் வரும். பைக்கு வரும், காரு வரும். நாளைக்கு அவிய காரும் அப்படித்தான் வரும்."

மூவரும் அவளையே பார்த்தார்கள். இப்படி ஒரு மூளை இந்த வீட்டில் சமைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று செபஸ்தியம்மாளுக்கு இருந்தது. டெல்வின் ஏறி, சென்சாரின் கண் தெருவை நேராகப் பார்க்கும்படி திருப்பி மாட்டினான். விளக்கு நின்று நிதானமாக எரிந்தது. முற்றம் முழுக்க மஞ்சள் வெளிச்சம்.

சாப்பாடானதும், விளக்கு எரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வெளியே போகப் பயம். அதனால் காலையில் கழற்றிய பேட்டரியைத் திரும்பப் போட்டுப் பெரிய டார்ச்சை எடுத்துக்கொண்டாள், பாப்பாவையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள். கேட்டைத் தாண்டித் தெருவில் நின்று, கம்பத்தின் உச்சிக்கு டார்ச் அடித்துப் பார்த்தாள்.

விளக்கு எரியவில்லை.

"மாமி, எரியல" என்று கூப்பிட்டாள்.

அவள் டார்ச்சை இறக்கிக்கொண்டு படியேறுவதற்குள், "எரியுதே" என்று ஜன்னலிலிருந்து பதில் வந்தது.

ஜெசிந்தா திரும்பப் போய் டார்ச் அடித்துப் பார்த்தாள். எரியவில்லை. செபஸ்தியம்மாள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். எரிந்தது. ஜெசிந்தா பார்க்கும்போதெல்லாம் எரியவில்லை. மாமி பார்க்கும்போதெல்லாம் எரிந்தது. டார்ச்சில் பேட்டரி குறைவோ, விளக்கைச் சரியாகக் காட்டவில்லையோ என்று ஜெசிந்தா புது பேட்டரி போட்டுப் பார்த்தாள். அப்போது முன்னைவிடச் சீக்கிரமாக அணைந்தது.

"அதுக்குக் கூச்சம்மா" என்றார் கஸ்பார் கடைசியில். "புது சாமான்லா. மூஞ்சில டார்ச் அடிச்சுப் பாத்தா யாருக்குத்தான் கூச்சமா இருக்காது. இனி யாரும் டார்ச்ச எடுத்துட்டு அதுக்கு முன்னால போகாதீய."

ஜெசிந்தாவுக்கு அது சரியாகவே பட்டது. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், தெரிந்த பதிலும் தெரியாமல் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றவள் அவள். கம்பத்தைப் பார்த்து, நானும் உன்னை மாதிரிதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம். பாப்பாவுக்குப் புதுச்சட்டை. ஜெசிந்தாவுக்கு ரேமண்ட் எடுத்துக்கொடுத்த நீலச் சேலை. பொழுது இறங்கியதும் விளக்கு தானாக எரிந்தது. குடும்பம் கேட்டருகே வரிசையாக நின்றது. போன் அடித்தது.

"சிந்தா, ஸ்டெல்லா நகர் போர்டத் தாண்டிட்டேன். தூரத்துல ஒரு விளக்கு தெரியுது."

"அதான். அதேதான். நேரா வாங்க."

கார் தெருமுனையில் திரும்பியது. அதன் முன்விளக்குகள் இரண்டும் தெருவை அடைத்துக்கொண்டு நேராக வந்தன. சென்சாரின் கண் அவற்றை நேராகப் பார்த்தது. பொழுது விடிந்தது.

"சிந்தா, விளக்கு எங்க?"

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். "இப்பதான் அணைஞ்சிச்சு."

"நான் பாக்குற வீட்லயும் எரியல. அப்ப இது வேற வீடு. அண்ணாச்சி, நேரா போங்க."

கார் மெதுவாக அவர்களைக் கடந்தது. ஜெசிந்தா கையை உயர்த்தி ஆட்டினாள்.

"இங்க ஒரு பொம்பள கையில புள்ளையோட நின்னு கையாட்டுது" என்றது போன். "பாவம், என்ன அவசரமோ."

"நம்ம தெருவுலயா? யாரு அவ? மொகத்தப் பாத்தீயளா?"

"நான் பாப்பேனா? வாசல்ல நிக்குற பொம்பளைங்க மூஞ்சியப் பாக்கக்கூடாதுன்னு நிச்சயதார்த்தத்தன்னைக்கே நீ சொல்லிட்டியே. கைய மட்டுந்தான் பாத்தேன்."

ஜெசிந்தாவுக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை துறைமுகம் பார்த்துவிட்டு வந்தும் சொன்ன சொல்லை மறக்காத மனுஷன். ஆனாலும் யார் அந்தப் பொம்பளை என்று தெருவின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். யாரும் இல்லை.

கார் கடந்ததும் விளக்கு எரிந்தது.

"இப்ப எரியுது" என்று ஜெசிந்தா போனில் சொன்னாள்.

"ஆமா, பின்னால தெரியுது. தாண்டி வந்துட்டேன். திரும்புங்க அண்ணாச்சி."

கார் திரும்பியது. வெளிச்சம் வந்தது. விளக்கு அணைந்தது. "இங்க இல்ல, போங்க." கார் கடந்தது. விளக்கு எரிந்தது. "பின்னால இருக்கு, திரும்புங்க." கார் வருவதும் போவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஜெசிந்தா கையாட்டினாள். ஒவ்வொரு தடவையும் பாப்பா சிரித்தது.

"அந்தப் பொம்பள இன்னும் அங்கேயே நிக்குது" என்று ரேமண்ட் வருத்தப்பட்டான்.

கடைசியில் டாக்ஸி டிரைவருக்குத்தான் பொறுக்கவில்லை. பக்கத்தில் போனால் அணைகிற விளக்கு, இருட்டில் கையாட்டுகிற நீலச் சேலை, சிரிக்கிற குழந்தை, அவரும் குடும்பஸ்தர்தான். ரேமண்டையும் பெட்டியையும் தெருமுனையில் இறக்கிவிட்டு, பெட்டி தரையில் படுமுன்னே அவர் போய்விட்டார்.

விளக்கு நிதானமாக எரிந்தது.

"எரியுது, தெரியுது" என்றான் ரேமண்ட். "சிந்தா, இங்க ரொம்ப இருட்டா இருக்கு."

"நடந்து வாங்க. கொஞ்ச தூரந்தான்."

"கப்பல்ல ராத்திரி பூரா விளக்கு எரியும். இங்க எதுவோ சரசரங்குது." குரல் இறங்கியது. "யார்கிட்டயும் சொல்லிராத. எனக்குப் பயமா இருக்கு."

ஜெசிந்தா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இத்தனை மாதமாக, எனக்கென்ன பயம், நீங்கள் நிம்மதியாக வேலையைப் பாருங்கள் என்று அவனுக்கு எழுதியதெல்லாம் நினைவுக்கு வந்தது. பெரிய டார்ச்சை எடுத்தாள். கஸ்பார் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.

"டார்ச்சோட போனா விளக்கு கூச்சப்படும். அணைஞ்சிட்டுன்னா அவன் வீட்டுக்குள்ள வர மாட்டான். இப்படியே போம்மா."

அவள் பாப்பாவை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் இறங்கினாள். உடைமரம் அசைந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று செருமியது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி, பாதியில் மறந்துபோய், தெரிந்த பாதியையே இரண்டு தடவை சொன்னாள். கால் நடுங்கியது. ஆனால் ஒன்றைக் கவனித்தாள்: கால் நடுங்கினாலும் நடக்கிறது. இதை இத்தனை நாளாக யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தெருமுனையில் பெட்டிமேல் கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது.

"யாரு?" என்றது அது, நடுங்கி.

"நாந்தான்."

"கைய ஆட்டு."

ஆட்டினாள். இருட்டில் தெரியாவிட்டாலும் வளையல் சத்தம் கேட்டது. அவன் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். விளக்கைப் பார்த்தபடி இரண்டு பேரும் நடந்தார்கள். யார் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள் என்று பிறகு அவர்களாலேயே சொல்லமுடியவில்லை.

கேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீடு அவன் வீடுதான். செபஸ்தியம்மாள் அழுதாள். கஸ்பார் தொண்டையைச் செருமினார். ஜெசிந்தா பாப்பாவை நீட்டினாள். ரேமண்ட் வாங்கினான். பாப்பா அவன் மூக்கைப் பிடித்துப் பார்த்து, தன்னுடையதுதான் என்று தீர்மானித்ததுபோல் விடாமல் பிடித்துக்கொண்டது. ரேமண்ட் அசையாமல் நின்றான்.

அப்போதுதான் டெல்வினுக்கு அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. நல்ல வெளிச்சத்தில் வீடியோ. கஸ்பார் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, அதை ஒரு கையில் உயர்த்திப் பிடித்து, மறு கையில் போனை வைத்துக்கொண்டு, வெளிச்சத்தை வீட்டைப் பார்த்துப் பாய்ச்சினான்.

விளக்கு அணைந்தது.

ரேமண்ட் தலையைத் தூக்கிக் கம்பத்தைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த பாப்பாவைப் பார்த்தான். மூக்கை மெல்ல விடுவித்து, பாப்பாவை ஜெசிந்தாவிடம் திருப்பிக் கொடுத்தான்.

"மன்னிச்சிருங்க" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "வீடு மாறி வந்துட்டேன். எங்க வீட்ல விளக்கு எரியும்."

"அதனால என்ன தம்பி" என்றார் கஸ்பார். "ஒரே மேஸ்திரி கட்டுனது. எல்லாருக்கும் மாறிப் போவும்."

"காப்பி குடிச்சிட்டுப் போகலாம்லா?" என்றாள் செபஸ்தியம்மாள்.

"இல்லம்மா. வீட்ல காத்துட்டிருப்பாவ."

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். ஜெசிந்தாவுக்கு மனசு கேட்கவில்லை. இருட்டில் தனியாகப் போவது என்னவென்று இப்போது அவளைவிட யாருக்குத் தெரியும். டெல்வின் கையிலிருந்து டார்ச்சை வாங்கி, ஓடிப்போய் அந்த மனுஷன் கையில் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, இத வச்சுக்கிடுங்க. பயமில்லாம போகலாம்."

டார்ச் வெளிச்சம் தெருவோடு ஆடி ஆடிப் போனது. விளக்கு எரிந்தது. கேட்டருகே எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

"பாத்தீயளா, எரியுது" என்றார் கஸ்பார். "இனி ரேமண்ட் வந்துருவான்."

ஜெசிந்தா பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பாவம், எவ்வளவு ஆசையாகப் பிள்ளையைத் தூக்கினார், அவர் வீட்டிலும் இதே வயசில் ஒன்று இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள். தூரத்தில் போய்க்கொண்டிருந்த டார்ச் நின்றது; பின்னால் எரிகிற விளக்கைக் கண்டு திரும்பியது; வேகமாக அவர்களை நோக்கி வரத் தொடங்கியது.

"யாரோ டார்ச்சோட ஓடி வாறாவ" என்றாள் செபஸ்தியம்மாள். "நம்ம ரேமண்டா பாரு."

எல்லாரும் நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தார்கள். விளக்கு அணைந்திருந்தது.

"இல்ல மாமி" என்றாள் ஜெசிந்தா. "இது வேற ஆளு."